சப்பாத்தைக் கழற்றிய ஜூரி

ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், மடியில் சோற்றுப் பெட்டியோடு. புலம்பெயர்ந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். இன்று பகல் கடைக்குப் போகவில்லை.

"கோர்ட்டுக்குப் போறன், தம்பி. ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கினம். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுற பன்னிரண்டு பேரில நானும் ஒராள்."

"என்ன வழக்கு, அக்கா?"

"சொல்ல ஏலாது. என்ர மனுசனுக்கே சொல்லேல்லை."

எங்கள் சென்னையில் இந்நேரம் பிளாட்பாரம் முழுக்கத் தீர்ப்பு சொல்லியிருக்கும். நான் வழக்கை விட்டுவிட்டு, கோர்ட்டில் முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்கிறேன்.

முதல் நாள் தான் செய்ததை மட்டும் சொல்கிறார். சத்தியம் செய்யக் கீதையை நீட்டியதும், சாமிப் புத்தகமாயிற்றே என்று குனிந்து சப்பாத்தை, அதாவது ஷூவை, கழற்றிவிட்டாராம்.

"ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான் திரும்பப் போடுமட்டும் ஜட்ஜ் பொறுத்து இருந்தவர்."

"ஒருத்தரோட விதியை முடிவு பண்ணப் பயமா இல்லையா?"

"பயம்தான். ஊரில என்ர அண்ணையை விசாரணையே இல்லாமல் உள்ளுக்குப் போட்டவை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இங்க ஒருத்தரை உள்ளுக்குப் போட முதல், கடைக்காரி என்னட்டையும் கேக்கினம். கோர்ட்டில நித்திரை தூங்கக் கூடாதெண்டு இப்ப இரவில கடையை வேளைக்கே பூட்டுறன்."

ரயில் வருகிறது. அவர் பெட்டியை அணைத்தபடி ஏறுகிறார். என்றைக்காவது என்மீது ஒரு குற்றம் சுமத்தப்பட்டால், அதைக் கேட்கும் பன்னிரண்டு பேரில் ஒருவராவது சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சத்தியம் செய்தவராக இருக்கட்டும்.