ஈர வைக்கோலுக்குப் போட்ட முடிச்சு

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு கட்டுகிறவர். தான் போட்ட முடிச்சு கப்பலே கவிழ்ந்தாலும் அவிழாது என்று அவரே சொல்லிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரே ஒரு பசு, வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போன மழைக்காலத்துக்காக கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வைக்கோல் கட்டுகளை வண்டியில் வரவழைத்தோம். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் நனைந்தே வந்து இறங்கின. பிரித்துக் காயவைத்துவிட்டு அடுக்கலாம் என்றேன். மனுஷர் கேட்டால்தானே!

"கூரை ஒழுவுது, மறுபடி மழ வந்தா இன்னாம்மே பண்ணுவே? நான் கட்றேன் பாரு" என்று கொட்டகைக்குள் நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாயைச் சுற்றி, கப்பல் சரக்கு மாதிரியே இறுக்கிக் கட்டினார். தள்ளி நின்று அழகு வேறு பார்த்தார். சரக்கு நனையக்கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஏற்கெனவே நனைந்த வைக்கோலுக்குக் காற்று வேண்டும் என்று நான் கத்தினது கடலுக்குக் கேட்டிருக்கும், அவருக்குக் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, அவர் வேலைக்குப் போன பிறகு, கொட்டகையில் புகையிலை வாசனை அடித்தது. தார்ப்பாயைத் தொட்டேன், சூடு. ஓரத்து இடுக்கில் கடப்பாரையைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். நுனியில் கை பட்டதும் "ஐயோ" என்று உதறினேன். உள்ளே வெந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். நிறைமாதச் சினையாக இருந்த என் மாடோ அதை ஒட்டியே படுத்திருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். எழுந்திருக்கவே இல்லை. பாவி மகளுக்கு அந்த நேரம் பார்த்தா பிரசவ வலி வர வேண்டும்!

மாட்டை நகர்த்த முடியாது, வைக்கோலைத்தான் நகர்த்தணும். முடிச்சோடு மல்லுக்கட்டினேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அவருக்குப் போன் போட்டேன்.

"வைக்கோலு கொதிக்கிதுய்யா! எத்த இழுத்தா அவுறும்?"

"அது அவுறாதும்மே" என்றார். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

"உன் முடிச்சுல மண்ணு வுழ!" என்று வைத்துவிட்டேன்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மீன்கார அக்கா ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்து, கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றையும் சரசரவென்று கிழித்துப்போட்டார். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

"இட்லி குண்டான தொறந்தா மாரி கீதுடி!"

பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவே திரண்டது. பாதிப் பேர் குடம் குடமாகத் தண்ணீரோடு நிற்க, மீதிப் பேர் கட்டுகளை உருட்டிப்போய் வலை காயவைக்கும் மணலில் பிரித்துப் பரப்பினார்கள். நடுவில் இருந்த ஒரு கட்டு கருகியே போயிருந்தது. தண்ணீர் ஊற்றியதும் உஸ்ஸென்று சீறியது. கடைசிக் கட்டும் வெளியே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாடும் அதற்காகவே காத்திருந்த மாதிரி கன்றை ஈன்றது. கிடேரிக் கன்று! அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வேலையைப் போட்டுவிட்டு அவர் ஓடி வந்தபோது கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. திட்டுவதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கருகின வைக்கோலைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

நல்ல வைக்கோல் காய்ந்த பிறகு, தரையில் மரப்பலகை போட்டு, காற்றுப் போக இடம் விட்டு அவரேதான் அடுக்கினார். கிழிந்த தார்ப்பாயைத் தைத்து, கூரை ஒழுகும் இடத்தில், கன்றுக்கு மேலே கட்டினார். கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு கயிற்று நுனியைக் கையில் கொடுத்தார்.

"இழு பாப்போம்."

இழுத்தேன். ஒரே இழுப்பில் முடிச்சு அவிழ்ந்து, தார்ப்பாய் எங்கள் இரண்டு பேர் தலையிலும் பொத்தென்று விழுந்தது.

"இத்தான்யா முடிச்சு" என்றேன்.