துடைக்காமல் எடுத்த படம்

"ஐயோ, துடைக்காதம்மா!" என்று அவர் கத்தியதில் என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நல்லவேளை, மூக்குக்கண்ணாடி விழவில்லை.

வேங்கிக்காலில் வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விற்பவர்களின் சின்னச் சின்னப் பொருட்களைப் படமெடுக்கும் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், அதனால் எங்கே தப்பு செய்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. கத்தியவர் கோயில் பக்கம் ஸ்படிகக் கடை வைத்திருப்பவர். மாலை, சின்ன லிங்கம் எல்லாம் என்னிடம்தான் படத்துக்கு வரும். முன்னாலிருந்து லைட் அடித்தால் ஸ்படிகம் பிளாஸ்டிக் மாதிரி செத்துக் கிடக்கும். பின்னாலிருந்து அடித்தால்தான் உயிர் வரும். ஆனால் அந்த வெளிச்சத்தில் கை பட்ட இடமெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். எனவே எது வந்தாலும் முதலில் துடைத்துவிடுவேன்.

அன்று அவர் கொண்டுவந்தது விற்கிற சரக்கு இல்லை. சில மாதங்களுக்கு முன் தவறிப்போன அவர் மனைவியின் மூக்குக்கண்ணாடி.

"இங்க பாரு, அவ கட்டவிரல் ரேகை. கண்ணாடி எறங்குனா ஓரமா புடிச்சுத் தூக்க மாட்டா. கண்ணாடி மேலயே வெரல வெப்பா. எவ்ளோ திட்டியிருப்பேன் தெரியுமா?" என்றார். "மருமக துடைச்சுடுவாளோன்னு பீரோல வெச்சுப் பூட்டுனேன். இப்ப அதுவா கலையுற மாதிரி இருக்கும்மா. எப்படியாவது புடிச்சுக் குடு."

தூசி படியுமோ என்று ஃபேனை நிறுத்தினேன். வியர்வை சொட்டுமோ என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். தெர்மாகோலில் கண்ணாடியின் காதுக் கம்பிகளை மட்டும் செருகி நிற்க வைத்தேன். நேர் பின்னாலிருந்து லைட் போட்டால் ஒரே வெள்ளை. ரேகையைக் காணோம்.

"போயிடுச்சாம்மா?"

"இருங்கண்ணா, இருக்கும்."

எனக்கே நிச்சயமில்லை. பின்னால் கறுப்பு சார்ட் வைத்து, லைட்டை அதன் ஓரமாக, கேமராவுக்குத் தெரியாத இடத்திற்கு நகர்த்திச் சாய்த்தேன். கறுப்பில் ரேகைகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஒரு மூலையில் பொட்டளவு பூசுமஞ்சள்கூட ஒட்டியிருந்தது. ரோட்டில் பஸ் போனதும் மேஜை அதிர்ந்தது. அது தாண்டும்வரை மூச்சைப் பிடித்திருந்து கிளிக் செய்தேன்.

ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார். "சொன்னா கேட்டாளா பாரு," என்றார்.

"பெருசா பிரேம் போட்டுத் தரட்டுமாண்ணா?"

"வாணாம்மா. பெருசா இருந்தா அது யார் வெரலோ. அவளுது எவ்ளோவோ அவ்ளோவே போடு."

ஸ்கேல் வைத்து அளந்து, அதே அளவுக்கு பிரிண்ட் எடுத்தேன். அவர் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். ரேகை முழுவதும் மறைந்துபோனது. விரலை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இவ்ளோ சின்ன வெரலா அவளுக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை.

சின்னதைப் பெரிதாகக் காட்டுவதுதான் இந்தத் தொழில் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், எந்த அளவில் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் லைட்டைப் போடுகிறேன்.