ஜமக்காளமும் ஒரு பை நாய்முடியும்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னை யாராவது பெரிய பிராணி நேசி என்று நினைத்துவிடுவார்கள். டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த பஞ்சாபிக் குடும்பத்துக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. வீடு கிடைத்ததும் வந்து எடுத்துப் போகிறோம், பதினைந்தே நாள் என்று சொல்லி, தங்கள் வெள்ளைப் பொமரேனியனை எங்களிடம் விட்டுப் போனார்கள். அந்தப் பதினைந்து நாள் கடைசிவரை முடியவே இல்லை.

நானும் என் கணவரும் வேறு வேறு அமைச்சகங்களில் வேலை பார்த்தோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் அந்த வருஷம்தான் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போயிருந்தாள். அவள் இருந்தவரை, பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக அவள் போடுகிற சத்தத்தில் வீடு நிறைந்திருந்தது. அவள் போன பிறகுதான், இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்பது எனக்கு உறைத்தது. சண்டையெல்லாம் இல்லை. அவர் சுபாவம் அப்படி. "சாப்பாடு ஆச்சா", "பஸ் கிடைச்சுதா", "கரண்ட் பில் கட்டியாச்சா" என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் நாயிடம் பேச ஆரம்பித்தார். அதற்கு ஹிந்தி மட்டும்தான் தெரியும் என்று மேல்வீட்டு அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, பால்கனியில் நாற்காலியைப் போட்டு, அதை மடியில் ஏற்றிக்கொண்டு, சுத்தத் திருநெல்வேலித் தமிழில் தொடங்குவார்.

"எட்டி, கேட்டியா? அந்தச் சவத்து மூதி இன்னைக்கும் என் ஃபைலத் திருப்பி அனுப்பிட்டான். நாலாவது தடவ. நான் ஒண்ணும் சொல்லல. வாயத் தொறக்கலயே!"

அவருக்கு மேலதிகாரியோடு தகராறு இருப்பதே எனக்கு நாய் மூலமாகத்தான் தெரியவந்தது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்? இருபது வருஷமாக என்னிடம் சொல்லாததையெல்லாம் நாலு கால் உள்ள ஒன்றிடம் கொட்டுகிறாரே என்று இருக்கும். ஆனால் அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது. கத்தியைக்கூட சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கேட்ட நாள்கள் உண்டு.

மார்ச் மாதம் வந்தது. டெல்லியில் குளிர் போகிற சமயத்தில் மனிதர்கள் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார்கள் என்றால், பொமரேனியன் தன் மேல்சட்டையை முழுசாகக் கழற்றும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜமக்காளத்தில் முடி, தலையணையில் முடி, இட்லி மாவில் முடி. நான் கட்டிக்கொண்டு போகிற கறுப்புப் புடவையைப் பார்த்து, வீட்டில் பஞ்சு அடைக்கிற தொழிலா என்று என் செக்‌ஷனில் கேட்டார்கள். பூந்துடைப்பத்தால் பெருக்கினால் அது மேலே எழும்பிப் பறந்து, நான் முறத்தை எடுத்து வருவதற்குள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கூத்தோடு நின்றிருந்தால் நான் கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். அவருக்குச் சின்ன வயதில் இருந்த இளைப்பு திரும்பி வந்துவிட்டது. படியேறி வந்தால் விசில் அடிக்கிற மாதிரி மூச்சு. டிஸ்பென்சரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "தமா பீ, குத்தா பீ? ஏக் கர் மே தோனோ நஹீன் சலேகா" என்றார். ஒரு வீட்டில் ஆஸ்துமாவும் நாயும் சேர்ந்து குடியிருக்க முடியாது என்று அர்த்தம். நாயை அனுப்ப மனசில்லை என்றால் துடைப்பத்தையாவது தூக்கிப் போடுங்கள், வேக்யூம் கிளீனர் வாங்கி ஒரு முடி விடாமல் எடுங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அவர், "அனுப்பிருவோம்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று சாயங்காலம் அவர் பால்கனியில் நாற்காலி போடவில்லை, நாயைக் கூப்பிடவில்லை. அந்த ஒரு சாயங்காலமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மெஷின் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அந்த நாள்களில் வேக்யூம் கிளீனர் விற்பவர்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து செய்து காட்டுவார்கள். ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். ஒரு வெளி மனிதர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நம்மைப் போன்ற பெண்கள் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து, வீடு முழுக்கப் பெருக்கி, ஃபினாயில் போட்டு இரண்டு தடவை துடைத்து, ஜமக்காளத்தைப் பால்கனிக் கம்பியில் போட்டு அடி அடியென்று அடித்து, சோபா உறைகளை மாற்றினேன். நாயையும் குளிப்பாட்டிச் சீப்பால் வாரி, நெற்றியில் பொட்டு வைக்காத குறையாக உட்கார வைத்தேன்.

வந்தவர் மெஷினைப் பொருத்தி, ஜமக்காளத்தின் மேல் முன்னும் பின்னும் ஓட்டினார். நிறுத்தி, பையைத் திறந்து பெருமையோடு எங்களிடம் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. சோபாவில் ஓட்டினார். ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஓட்டினார், பாவம், வெறுங்கையோடு வந்தார்.

"மேடம்," என்று தயங்கிக்கொண்டே கேட்டார், "தோடா கூடா மிலேகா?"

கொஞ்சம் குப்பை கிடைக்குமா என்கிறார். என் வீட்டுக்கு வந்து, என்னிடம்! "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது" என்று ஹிந்தியில் சொன்னேன். சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மெஷின் கைக்கு அடக்கமாக இருந்தது, சத்தம் குறைவு, பார்க்க லட்சணம், பெயின்ட் அடிக்கக்கூட ஒரு குழாய் கொடுத்தார்கள். நாங்கள் எந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம், குவார்ட்டர்ஸுக்கு சர்க்கார்தானே அடிக்கும்? இருந்தாலும் வாங்கினேன்.

இரண்டே நாளில் வண்டவாளம் தெரிந்தது. வழவழவென்று இருந்த அதன் வாய், ஜமக்காளத்தின் இழைகளில் சிக்கிய முடியைத் தடவிக்கொடுத்துவிட்டு நகர்ந்தது. உள்ளே போன கொஞ்சம் தூசியும் துணிப்பை வழியாகப் பின்பக்கம் புகையாக வெளியேறியது. புதன்கிழமை அவர் பக்கத்து அறையில் இருக்கும்போதே நான் அதைப் போட்டேன். கால் மணி நேரத்தில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கில் மாட்டுகிற மருந்துப் புகை வைத்த பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில், "ஞாயித்துக்கிழம வரச் சொல்லிட்டேன்" என்றார். நஜஃப்கட் பக்கம் நிலமும் எருமைகளும் வைத்திருந்த அவருடைய ஆபீஸ் நண்பரை. நாயை அவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

எனக்கு அழுகை வந்தது. நான் வாங்கிய மெஷின்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் நான். இவ்வளவு பெரிய சாமானை, அது செய்யவேண்டிய வேலையைச் செய்கிறதா என்று பார்க்காமலே வாங்கியிருக்கிறேன். பார்க்க முடியாதபடி நானே விடியற்காலையில் எழுந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த மனிதர் நியாயமாகத்தான் குப்பை கேட்டார்.

அன்றிலிருந்து நாயைப் பால்கனியில் உட்கார வைத்து வாரி, வருகிற முடியை ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்தேன். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. காலையில் அந்தப் பையையும், ஐந்து நாளாக உதறாத ஜமக்காளத்தையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாஜ்பத் நகருக்கு ஆட்டோ ஏறினேன். எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பெரிய மின்சாமான் கடை. கடை நடுவில் இடம் பார்த்து ஜமக்காளத்தை விரித்தேன். பையைக் கவிழ்த்தேன். நாய்முடி கால் வழுக்குகிற அளவுக்குக் குவிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி, இழைக்குள் இறங்கும்படி நன்றாக மிதித்துத் தேய்த்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"பெஹன்ஜி, யே க்யா கர் ரஹீ ஹோ?" என்ன செய்கிறீர்கள் என்று பதறினார்.

"அப் திகாவோ" என்றேன். இப்போது காட்டு, பார்க்கலாம்.

அவர் சிரித்தாரே தவிர விரட்டவில்லை, நல்ல மனிதர். முதல் மெஷின் பாதி முடியைக்கூட எடுக்கவில்லை. இரண்டாவது எடுத்தது. ஆனால் காற்று வெளியேறுகிற ஓட்டைக்கு முன்னால் என் கைக்குட்டையைப் பிடித்தேன், சாம்பல் நிறமாகிவிட்டது. அது வேண்டாம் என்றேன். அதற்குள் ஃபிரிட்ஜ் வாங்க வந்த ஒரு குடும்பம், விலை பேசுவதை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி நின்றுகொண்டது. எதைத் தள்ள வேண்டும் என்று அவர்களும் அபிப்பிராயம் சொன்னார்கள்.

மூன்றாவதைக் கடைக்காரர் மனமில்லாமல்தான் உள்ளேயிருந்து உருட்டி வந்தார். டிரம் மாதிரி குண்டாக, ஒரு அழகும் இல்லாமல் இருந்தது. போட்டால் மாவு மில்லில் நிற்கிற மாதிரி சத்தம். ஆனால் அதன் வாய்க்குள் காற்றின் இழுப்பிலேயே சுழல்கிற ஒரு பிரஷ் இருந்தது. இழைக்குள் புகுந்திருந்த முடியைத் தோண்டித் தோண்டி எடுத்தது. ஜமக்காளத்தின் சிவப்பும் நீலமும் அப்படியே மேலே வந்தன. தூசி போய்ச் சேர்வது இரண்டு அடுக்குக் காகிதப் பையில், நிறைந்தால் பையோடு தூக்கி எறிந்துவிடலாம். கைக்குட்டையை ஓட்டைக்கு முன்னால் எண்ணி ஐந்து நிமிஷம் பிடித்தேன். வெள்ளையாகவே இருந்தது. "லே லோ ஜி, லே லோ", வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஃபிரிட்ஜ் வாங்க வந்த அம்மாள் என்னைவிட உற்சாகமாகச் சொன்னாள். வாங்கிவிட்டேன், அன்று சாயங்காலமே கடைக்காரர் மெஷினையும் பில்லையும் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் நஜஃப்கட் நண்பர் வந்தபோது, வீட்டில் ஒரு முடி இல்லை. அவருக்கு டீயும் வடையும் கொடுத்து, "ஒரு மாசம் பொறுங்க பாய்சாப். அதுக்கப்புறமும் இவருக்கு மூச்சு வாங்கினா நானே கொண்டுவந்து விடுதேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். என் கணவர் நாயின் தட்டையும் சங்கிலியையும் ஒரு பையில் போட்டுத் தயாராகக் கையில் வைத்திருந்தார். அவர் அந்தப் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

அந்த ஒரு மாசம் நான் தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து மெஷினைப் போட்டேன். விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று வளர்ந்தவள் நான். துடைப்பம்தானே வெளியே தள்ளுகிறது, இது உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறதே, லட்சுமி எங்கே போவாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். போடுகிற நேரத்தில் அவரும் நாயும் பால்கனியில் இருக்கவேண்டும், கதவைச் சாத்தியிருக்கவேண்டும் என்பது என் சட்டம்.

மாசக் கடைசியில் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சா கியா, குத்தே கோ பேஜ் தியா" என்று பாராட்டினார். நாயை அனுப்பியது நல்லதாம். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, நாய் வீட்டில்தான் இருக்கிறது டாக்டர் சாப் என்றார். டாக்டர் மறுபடியும் ஒரு தடவை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு மருந்தைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

அந்த வாரம் ஒரு நாள், வெயில் இறங்கியும் இறங்காத நேரம். நான் கூடத்தில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. அந்த ராட்சசச் சத்தம் சட்டென்று நின்றது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று உரக்கப் பேசிப் பழகியிருந்தார் போல, சத்தம் நின்றதும் உடனே குரலைக் குறைக்கத் தெரியவில்லை.

"லாஜ்பத் நகர் வரைக்கும் ஜமக்காளத்தச் சொமந்துட்டுப் போயிருக்கா, தெரியுமாட்டி? கடைக்காரன் பில்லக் கொண்டாந்து குடுக்கும்போது சொன்னான். ஒம் முடியப் பரப்பி, மேல ஏறி மிதிச்சிருக்கா. யாருக்கு வரும் அந்தத் தைரியம்? எனக்கு வராது. ஒன்ன அனுப்பிருவோம்னுதான நான் சொன்னேன். அவளுக்கு ஒன்னக் கண்டாலே ஆகாது, கேட்டியா. எனக்காகத்தான் செஞ்சிருக்கா. நான் இன்னும் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும். ஐந்து நிமிஷத்தில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. நான் மெஷினைப் போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்குப் போய், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஃபைல் என்னாச்சு?" என்று கேட்டேன்.

அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது பெரிய கதை" என்று ஆரம்பித்தார்.