வீட்டில் நடக்காத விபத்து

என் சித்தியை அவர் வேலை செய்யும் சலவை ஆலையில் நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கறாரக்கா என்பார்கள். கேன்டீனில் டீ குறைவாக ஊற்றினால் டம்ளரைத் திருப்பி நீட்டுவார். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனால் மறுநாள் அதே டிரைவரிடம் காரணம் கேட்பார். "உங்க சித்திகிட்ட பொய் சொல்றதுக்குப் பதிலா ரெண்டு மூட்டை தூக்கிடலாம்" என்பார் சித்தப்பா.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை அந்த ஆலையில் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிறார்கள். சித்திக்குச் சூட்டு உருளையில் வேலை. இரண்டு பேர் ஈர விரிப்பின் இரு மூலைகளைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது சுருக்கமில்லாமல் வெளியே வரும்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். கைக்கு நல்லது, வேலைக்குத் தொல்லை. விரிப்பின் மூலை மடங்கியபடி உள்ளே போனால் எட்டி நீவிவிடுவது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். நீவும்போதெல்லாம் கம்பியில் கை பட்டு உருளை நிற்கும். உடனே சூப்பர்வைசர் கத்துவார். அதனால் கம்பியை மேலே தூக்கி, கிழிந்த தலையணை உறைத் துண்டால் கட்டி வைத்திருந்தார்கள். முதலில் கட்டியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டு நைந்தால் பக்கத்தில் நிற்பவர் வேறு துண்டு கட்டுவார். சித்தியும் கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் மடிப்பு மேஜைகளுக்கு நடுவே கூட்டினார். காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் இழப்பீடு அதிகமானதால் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறிவிட்டது என்றார். "இந்தச் செலவைக் குறைக்க நீங்கதான் உதவணும். இது நம்ம கம்பெனி" என்றார். அரையாண்டு முழுவதும் எந்த விபத்தும் பதிவாகாத ஷிப்டுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை என்றும் சொன்னார். பலத்த கைதட்டல்.

உருளையில் சித்தியோடு மறு மூலை பிடிக்கும் பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாயை மூடினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "இனிமே தடுக்கி விழுறவங்க எல்லாம் கேட்டுக்கு வெளியே போய் விழுங்கப்பா" என்றார் அவர். கூட்டமே சிரித்தது.

பிறகு நடந்தது ஏறக்குறைய அதுதான். விரல் நசுங்கியவர் வீட்டுக் கதவைக் குறை சொன்னார். ஈரத் தரையில் வழுக்கியவர் தன் வீட்டுக் குளியலறையைக் குறை சொன்னார். விபத்துகள் குறையவில்லை. எல்லாம் வீட்டுக்கு இடம் மாறிக்கொண்டன.

சித்தியின் கை உருளையில் சிக்கியது அந்த அரையாண்டின் கடைசியில். மூலை மடங்கியது, எட்டி நீவினார், விரிப்போடு விரல்களும் உள்ளே போயின. ரேடியோ பாய்ந்து சிவப்பு பட்டனை அடித்துக் கையை வெளியே இழுத்தார். வலது கையின் புறத்தோல் விரல் நுனி வரை வெந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். சித்தியின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடியே மெல்லிய குரலில் சொன்னார். "அக்கா, காலைல வீட்டுல இஸ்திரி போடுறப்ப சுட்டுக்கிட்டதா சொல்லிடுவோம். ஆஸ்பத்திரி செலவு என் பொறுப்பு."

"எங்க வீட்டுல அவ்வளவு பெரிய இஸ்திரிப் பெட்டி இல்ல தம்பி" என்றார் சித்தி.

"அக்கா, லீவு போயிடும்க்கா" என்றார் ரேடியோ. கையை வெளியே இழுத்த அதே ஆள்.

சித்தி வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு முதலுதவி அறைக்குத் தானே நடந்துபோனார். எங்கே, எப்படி நடந்தது என்பதை எழுத வைத்து, படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினார்.

ஷிப்டின் விடுமுறை போயிற்று. அன்று மாலையே ரேடியோ போன் செய்தார். ஸ்பீக்கரில் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. "நாங்க எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோமே, எதுக்கு? உன் ஒரு கை எல்லாருக்கும் சேர்த்து மண்ணை அள்ளிப் போட்டுடுச்சு."

"பல்லைக் கடிச்சா பல்லுதான் போகும்" என்று சொல்லி சித்தி போனை வைத்தார்.

கட்டு மாற்றுவது என் வேலையாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்கப் பழகினேன். சித்தி முதல் நாளிலிருந்தே திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டிலும் அவருக்குச் சண்டைதான். "எழுதிக் குடுத்தாச்சுல்ல, இனி நல்லா இழுத்துப் போத்திக்கிட்டு மாசக்கணக்கா படு. கம்பெனிக்கு வலிக்கட்டும்" என்றார் சித்தப்பா.

"வெந்தது கை. காலும் கண்ணும் நல்லாத்தானே இருக்கு? நான் எதுக்குப் படுக்கணும்?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். அவருக்கு எங்கள் மொழி அரைகுறை என்பதால் பேச்சை மாற்றிச் சொல்ல நான் கூடப் போனேன். நடைபாதையிலேயே சூப்பர்வைசர் சித்தியை மறித்தார்.

"கம்பி கட்டியிருந்ததைச் சொன்னீங்கன்னா தப்பு உங்க தலையில விழும்க்கா. இழப்பீடு கிடைக்காது, வேலையும் நிலைக்குமான்னு தெரியாது. யோசிச்சுக்கங்க."

அவர் மிரட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. கைக்கு இன்னும் பல மாதம் வைத்தியம் பாக்கியிருந்தது. சித்தி என்னைப் பார்த்தார். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. பூசி மெழுகிச் சொல்லாதே."

அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணைக்காரர், பக்கத்தில் மேனேஜர். தடுப்புக் கம்பி அதன் இடத்தில் இருந்ததா என்பது முதல் கேள்வி.

"இல்ல. தூக்கிக் கட்டியிருந்துச்சு."

யார் கட்டியது?

"எல்லாரும். நானும் கட்டியிருக்கேன்."

ஒரு பெயராவது சொல்ல முடியுமா என்று கேட்டார். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மாட்டேன். பேரைக் குடுத்தா அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புவீங்க. கம்பி அதே இடத்துல கட்டியேதான் கிடக்கும். ஏன் கட்டுறாங்கன்னு கேளுங்க, சொல்றேன். கம்பியை இறக்கிவிட்டா உருளை நிக்குது. உருளை நின்னா திட்டு விழுது. உருளை ஓடுற வேகத்துக்கு மனுஷங்க கை ஓடாது. திட்டை நிறுத்துங்க, வேகத்தைக் குறைங்க. கட்டுறதுக்கு யாரும் வர மாட்டாங்க."

நான் ஒரு சொல்லும் விடாமல் மாற்றிச் சொன்னேன்.

மேனேஜர் சிரிக்க முயன்றார். "செலவைக் குறைக்க உதவுங்கன்னு கேட்டா, நீங்க ஏத்திவிடுறீங்களேம்மா."

"குறைக்கத்தான் சார் வந்திருக்கேன். அன்னைக்கே சொல்லி அன்னைக்கே மருந்து போட்டதால என் விரல் விரலா இருக்கு. மறைச்சிருந்தா சீழ் பிடிச்சு, ஒண்ணு ரெண்டை வெட்டியிருப்பாங்க. அந்த பில்லு உங்களுக்குப் பிடிச்சிருக்குமா?" சித்தி ஒரு மூச்சு இழுத்துத் தொடர்ந்தார். "இன்னொண்ணு. நாளையிலிருந்து வேலைக்கு வர்றேன். ஒரு கையால செய்யுற வேலைன்னா செய்யலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்."

"அப்படி ஒரு வேலை இங்க இல்லையே."

"கண்டுபிடிங்க. சும்மா உட்கார வச்சுக் காசு குடுக்குறதை விட இது உங்களுக்கு லாபம். செலவு செலவுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விசாரணைக்காரர் சிரித்துவிட்டார். அவருடைய அரைகுறை மொழி அதற்குப் போதுமானதாக இருந்தது.

வேலை நேரத்தில் பட்ட காயம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வைத்தியச் செலவும் வந்தது. கம்பியைக் கட்டியதற்கு அந்த ஷிப்டில் எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, சித்திக்கும் சேர்த்து. உருளையின் வேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். சித்தி வாரந்தோறும் போய்க் கேட்கிறார்.

ஒரு கை வேலையும் கிடைத்தது. பின்கதவுக்குப் பக்கத்தில், காற்று அடிக்கிற இடத்தில், ஒரு மேஜை. விரிப்புகளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஓட்டை இருப்பதை ஒதுக்கிவைக்க வேண்டும். சலித்துப்போய்த் தானே நின்றுவிடுவார் என்று நினைத்திருப்பார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. "விசாலமா இருக்கு" என்றார் சித்தி வீட்டில். அன்று சோறு சரியாக இறங்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அந்த மேஜைக்கு முதலில் வந்தவர் ரேடியோ. அதைப் பிறகு எங்கள் வீட்டுச் சமையலறையில் அவரே நடித்துக் காட்டினார். வந்து நின்றிருக்கிறார், பேசவில்லை. சித்தி விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாராம்.

"என்னடி, பேட்டரி போச்சா?"

"தோள் போச்சுக்கா. ஈர மூட்டை வண்டி ஒண்ணு சக்கரம் சிக்கி நின்னுச்சு, இழுத்தேன். அதிலிருந்து கையைத் தலைக்கு மேல தூக்க முடியல."

"எப்போ?"

"லீவு அறிவிச்ச மறு வாரம்."

"அட பாவி! அவ்வளவு நாளாவா? என்னைத் திட்டினப்ப வலிக்கலையா?"

"வாயாலதானே திட்டினேன்."

சித்தி விரிப்பைக் கீழே வைத்தார். "நட."

"வேணாம்க்கா. தைலம் தேய்ச்சா சரியாயிடும். புது அரையாண்டு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள என் பேரா?"

"இன்னைக்குப் போனா தைலமும் பயிற்சியும். அடுத்த வருஷம் போனா கத்தி. உன் தோளு, நீயே சொல்லு."

இருவரும் உருளைகளைக் கடந்து, எல்லோரும் பார்க்க நடந்தார்கள். மடிப்பு மேஜையில் ஒருவர், "அடுத்த லீவும் அம்பேல்" என்றார். முதலுதவி அறை வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"இன்னொண்ணா? யோசிச்சுத்தான் வந்திருக்கீங்களா?"

சித்தி பதில் சொல்வார் என்று ரேடியோ காத்திருந்தாராம். சித்தி ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். தன் தோளுக்குத் தானே பேச வேண்டும் என்று அப்போதுதான் ரேடியோவுக்குப் புரிந்தது.

"வேலை செய்யுறப்ப பட்ட அடி தம்பி. இங்கதான், மூணாவது மெஷினுக்குப் பக்கத்துல" என்றார், ஆலையின் அந்தக் கோடி வரை கேட்கும் குரலில். "எழுதிக்கணும். வழி விடு."