நாலு பத்துக்கு ஒரு நாய் வரும்

என் கேமராவைப் பொய் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் கேமரா மங்குகிறது என்பார்கள், ஆடுகிறது என்பார்கள், சிலந்தி கூடு கட்டிவிட்டது என்பார்கள். பொய் என்று யாரும் சொன்னதில்லை.

காரைக்குடியில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது என் தொழில். அப்பா கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். நான் அந்தக் கதவை யார் திறக்கிறார்கள் என்று காட்டிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சுற்று வட்டாரத்துப் பெரிய வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு செல்போனில் தங்கள் வாசலைப் பார்த்துக்கொள்கிறார்கள். பழுது வந்தால் தெரிய வேண்டுமே என்று எல்லா வாசலும் என் கடையிலும் ஒரு பெரிய திரையில் கட்டம் கட்டமாக ஓடும்.

அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தால் வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. பள்ளத்தூர் வீட்டில் தென்னை மட்டை விழும். அதே நொடியில் நாச்சியாபுரத்து வாசலில் படுத்திருந்த ஆடு பதறி எழுந்து ஓடும். இரண்டுக்கும் நடுவில் காரைக்குடியே கிடக்கிறது! முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. போகப் போகத்தான் விளங்கியது. இத்தனை கட்டத்தை நாள் முழுக்கப் பார்த்தால் ஏதாவது இரண்டு கட்டம் எப்போதாவது பொருந்தத்தான் செய்யும். பொருந்தாமல் போன மற்ற நொடிகளை யார் கணக்கில் வைக்கிறார்கள்? தற்செயலைப் பற்றி எவர் வந்து வாதாடினாலும் என் பதில் இதுதான்.

பொய் என்று சொன்னாரே, அவருடைய வீடு கொத்தமங்கலத்தில் இருக்கிறது. எழுபது தாண்டியவர், பெரிய வியாபாரக் குடும்பம். மனைவி இறந்த பிறகு அமெரிக்காவில் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி விமானமே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அவருக்கு ஒரு பங்கு, மற்ற பங்காளிகள் வேறு வேறு ஊர்களில். அதே தெருவில் இரண்டு வீடுகளைப் பங்காளிகள் கூடிப் பேசி இடித்து, தூண் தனியாக, நிலை தனியாக விற்றுவிட்டார்கள். தன் வீட்டுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் என்னைப் பிடித்து வாசலில் கேமரா மாட்டச் சொன்னார்.

மாட்டி இரண்டு வருடம் ஆன பிறகு, ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"ஏம்ப்பா, உண்மையச் சொல்லு. என் வீடு நிக்கிதா, இடிச்சுப்புட்டாகளா?"

"என்னய்யா இப்பிடிக் கேக்குறீக? இப்பத்தான போன்ல பாத்துக்கிட்டு இருக்கீக?"

"அதத்தான் சொல்றேன். நான் பாக்குறது வீடு இல்ல. நீ புடிச்சு வச்ச படம். அதையே திருப்பித் திருப்பி ஓட விடுற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன். பெரிய மனிதர், உடம்பு சரியில்லாதவர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பதினோரு நாளாக நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். சரியாக நாலு பத்துக்கு ஒரு செவலை நாய் வந்து படியருகே நிற்கும். பின்னாலேயே மஞ்சள் வேன் வந்து பின்பக்கமாகத் திரும்பும். கொஞ்ச நேரம் கழித்து நீல வாளியோடு ஒரு பெண் வந்து, நின்று, கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள்கூட மாறவில்லை.

"நடுவுல சனி ஞாயிறு வந்துச்சே, அன்னைக்கு?"

"அன்னைக்கு எதுவும் வரல."

"பாத்தீகளா! ஓட விடுற படத்துல சனி ஞாயிறு லீவு வருமா?"

"அதையும் யோசிச்சு விட்டிருப்பீக. பங்காளிகளும் நீயும் சேந்துக்கிட்டா எதுதான் முடியாது?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "எம் பேத்தி காலேசுல கம்ப்யூட்டர் படிக்குது. அது சொல்லுது, இந்த ஒலகமே யாரோ கம்ப்யூட்டர்ல ஓட்டுற ஆட்டமா இருக்கலாமாம். ஒண்ணே திரும்பத் திரும்ப வந்தாச் சந்தேகப்படணுமாம். ஒலகம் எப்பிடியோ போகட்டும்ப்பா. என் வாசல் நெசமா? அத மட்டும் சொல்லு."

உலகத்தை ஒருவன் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறானாம்! இங்கே நாலு கேமராவை நாள் முழுக்க ஓட்டுவதற்குள் மின்தடை வந்து என் உயிரை வாங்குகிறது. அந்த மகராசனுக்கு மட்டும் தடையில்லாத கரண்டு எங்கிருந்து வருகிறதாம்? "நாளைக்கு நானே அங்குட்டுப் போறேன், நாலு மணிக்குப் போன எடுங்க" என்றேன்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு கொத்தமங்கலம் போனேன். வீடு மலைபோல நின்றது. அன்றைய செய்தித்தாளைக் கேமராவுக்கு நேரே விரித்துப் பிடித்து, காதில் போனோடு, "தேதி தெரியுதாய்யா?" என்றேன்.

"தெரியுது. நேத்து எம் பேத்தி, நான் டான்ஸ் ஆடுற மாதிரிப் படம் பண்ணிக் காமிச்சா. என்னையவே ஆட விடுறாக, ஒன் கையில ஒரு பேப்பரக் குடுக்குறதா பெரிய வேலை?"

"அப்ப இந்தா பேசுறேனே, இது நான்தான?"

"யாரு கண்டா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அதைக்கூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கோவப்படாத. நான் சொல்றேன், நீ பாரு. இப்ப நாய் வரும்."

தெரு காலியாக இருந்தது. அவர் சொல்லி வாய் மூடவில்லை, சந்திலிருந்து செவலை நாய் வந்து படியருகே நின்றது. "இப்ப வேன்" என்றார். வேன் வந்தது, பின்பக்கமாகத் திரும்பியது. நான் நிற்கிற தெருவில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவிலிருந்து ஒருவர் என் காதில் சொல்கிறார், அது அப்படியே நடக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு நொடி நானே பேத்தி கட்சிக்குத் தாவிவிட்டேன்.

அடுத்த நொடியே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே வேன் டிரைவரிடம் போனேன். விஷயம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. டிரைவர் தினமும் நாய்க்கு பிஸ்கட் போடுவார். வேன் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நாய் வந்துவிடும். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் மகள் பள்ளிக்கூடம் விட்டு அந்த வேனில்தான் வருகிறாள். மகளை இறக்கி வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவர் குழாயைத் திறப்பார். குழாய் திறந்தால் வாளி வரும். ஆக மொத்தம் எல்லாம் ஒரு பள்ளிக்கூட மணியில் தொங்குகிறது. இதற்குப் போய் ஒருவன் உலகத்தையே கம்ப்யூட்டருக்குள் தூக்கிப் போடவேண்டுமா? அத்தனையும் ஐயாவிடம் ஒப்பித்தேன்.

"சரி, அந்தப் பொம்பளை ஏன் தெனமும் நிமிந்து பாக்குது?" என்றார்.

அதற்குள் நீல வாளியும் வந்துவிட்டது. ஐம்பது வயது இருக்கும், அந்த வீட்டுக் கொல்லையை ஒட்டிய சின்ன வீட்டுக்காரி. வந்தார், நின்றார், நிமிர்ந்து பார்த்தார். "ஏன்க்கா, தெனமும் அத அண்ணாந்து பாக்குறீகளாமே?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீக! மாட்டையில நீங்கதான சொன்னீக, அமெரிக்காவுல இருந்து ஐயா பாத்துக்கிட்டே இருப்பாகன்னு? ஒரு மனுசர் பாத்துக்கிட்டு இருக்காகன்னு தெரிஞ்சும் மூஞ்சியக் காட்டாம எப்பிடிப் போறது?"

"இந்தாங்க, நீங்களே பேசுங்க" என்று ஒலிபெருக்கியில் போட்டுப் போனைக் கையில் கொடுத்தேன்.

முதலில் கூச்சப்பட்டார். "நல்லாருக்கீகளாய்யா, ஒடம்பு தேவலையா" என்று கேட்டார். கேட்டு முடித்த கையோடு, "கோவிச்சுக்கிறாதீக, ஒரு சங்கதி" என்று பிடித்துக்கொண்டார். "உங்க கொல்லைப்பக்கத்து மழைத்தண்ணிக் கொழா ஒழுகி எங்க சுவரு பூராம் பாசி. ரெண்டு வருசமாப் பூட்டுன வீட்டுல யாருகிட்டப் போயிச் சொல்றது? மழை பேஞ்சா நாங்க பாயச் சுருட்டிக்கிட்டு உக்காந்துருக்கோம். நீங்க அங்குட்டு வாசல மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமா?"

நான் பதறிப்போய்ப் போனைப் பிடுங்கப் போனேன். ஐயாவே தடுத்தார்.

"இரு இரு. ஏம்மா, எந்த எடத்துல ஒழுகுது?"

"அடுப்படிக்கு நேரா, கொழா திரும்புற முக்குல."

"எங்க ஆத்தா காலத்துல இருந்து அந்த முக்குலதான் ஒழுகும்" என்றார் ஐயா.

"ஆமாய்யா! உங்க ஆத்தாவும் என் மாமியாரும் அதுக்குத்தான சண்டை போட்டு ரெண்டு பொங்கலுக்குப் பேசாமக் கெடந்தாக!"

ஐயா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொல்லைப்பக்கம் கேமரா கிடையாது, நான் அங்கே எட்டிப் பார்த்ததும் கிடையாது. எந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த முக்கு தெரியும்? எந்தப் பங்காளி சொல்லிக் கொடுத்து இந்த அம்மா இப்படித் திட்டுவார்? அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனதும் மார்தட்டிக்கொண்டு கேட்டேன்.

"இப்ப என்னய்யா சொல்றீக?"

"நெசம்தான்ப்பா. வீடு நிக்கிது."

"கல்லு மாதிரி நிக்கிது!"

"நிக்கிது" என்றார் மறுபடியும். குரலில் சிரிப்பு இல்லை.

"என்னய்யா, சந்தோசம்தான?"

"பொய்யா இருந்தாத் தேவலைன்னு நெனச்சேன்ப்பா." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "இடிச்சுப்புட்டாகன்னா ஒரு நாள் அழுதுட்டு விட்டுறலாம்ல. அது அங்குட்டு நிக்கிது, நான் இங்குட்டுக் கெடக்கேன். தெனமும் கண்ணு முழிச்சதும் அதப் பாத்தாப் போகணும்போல இருக்கு. போக முடியாது. இனி எப்பவும் முடியாது. கொழாயச் சரி பண்ணிக் குடுத்துரு, பாவம் அந்தப் புள்ள. அந்தக் கேமராவக் கழட்டிரு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஏதோ ஒரு படத்தைத்தான் ஓட விட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. இனி யார் நம்புவார்? விழுந்து விழுந்து நிரூபித்தவன் நான்தானே. வண்டியை எடுக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அதையும் பார்த்திருப்பார்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். முதல் வேலையாக ஆள் கூட்டிப் போய்க் குழாயைச் சரி செய்தேன். கேமராவைத் தொடவில்லை. அவர் மறுபடி போன் செய்து, "கழட்டலையாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத காலை வேளையில் முடித்துவிட நினைத்தேன். வேறு வேலை இழுத்து, ஏணியைப் போட்டு ஏறும்போது நாலு மணி தாண்டிவிட்டது.

கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே நீல வாளி நின்றது.

"என்னண்ணே, கழட்டுறீக?"

உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். "ரிப்பேரு" என்றேன்.

அவர் சுவரில் இருந்த வெறும் ஆணி ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, எப்போதும் நிற்கிற அளவு நின்றார். பிறகு வாளியைத் தூக்கினார்.

"வெரசாச் சரி பண்ணி மாட்டிருங்கண்ணே. ஐயா என்னயத் தேடுவாக."