பன்னிரண்டு மணிக்குள் எல்லா டிராயிங்கும்

கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் மெஷின் டிராயிங்குகளை மொத்தமாக வெளியே எடுத்து வேறு சாஃப்ட்வேருக்குக் குடிமாற்றும் வேலையில், கிளிக் செய்வது கொஞ்சம், காத்திருப்பது மிச்சம். திரையில் நீலப்பட்டை நகர்வதைப் பார்த்தே வயதாகிப்போனவர்களே, உங்களுக்கு என் கதை புரியும்.

விராலிமலைப் பக்கம் விவசாய மெஷின் செய்யும் கம்பெனி எங்களுடையது. பழைய சாஃப்ட்வேரின் சந்தா ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு முடிந்தது. அதற்குள் வெளியே வராதது போனது போனதுதான்.

ஜன்னலோரம்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு பாகத்தின் படமும் திரையில் ஒரு கணம் தோன்றி மறைந்தது. ஒரு பல்சக்கரம், ஒரு தகடு, ஒரு ஸ்பிரிங். வெளியே காம்பவுண்டு சுவரில் மயில் ஒன்று அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எது திரை, எது ஜன்னல் என்றே தெரியவில்லை. மெஷின்கள் எல்லாம் எழுந்து வரிசையாக மதுரை ரோட்டில் நடந்துபோவது போல இருந்தது. சுகமாகவும் இருந்தது.

தோளில் கை விழுந்தது. டிசைன் பிரிவின் தலைவர் முத்தையா சார்.

"என்னப்பா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறியா?"

அந்தரத்தில் போல்ட்டுகள்

வெளியே வந்த ஒரு டிராயிங்கைப் புது சாஃப்ட்வேரில் திறந்தேன். மெஷினைக் காணோம்! போல்ட்டுகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. இணைந்த பாகங்களையும் சேர்த்து எடு என்ற கட்டத்தில் டிக் போட மறந்திருக்கிறேன். திட்டிக்கொண்டே மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆனால் கை ஓடவில்லை. கறுப்புத் திரையில் அவை அவ்வளவு அழகாக மின்னின.

ஆவூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஆளு போயிட்டாரு, சட்டப் பட்டன் மட்டும் நிக்குது."

வராத ஒன்று

சிரித்தவள் முகம் அடுத்த நிமிடமே வாடிவிட்டது. டிக் போட்டு மறுபடி ஓடவிட்ட பட்டியலில் அவளுடைய கடலை உடைக்கும் மெஷின் இல்லை. அவள் தனியாக வரைந்த முதல் மெஷின் அது. அப்ரூவல் ஆகாத டிராயிங்கைப் பழைய சாஃப்ட்வேர் வாசல் தாண்ட விடாது, நகலெடுக்கவும் விடாது. அப்ரூவல் தர வேண்டியவர் முத்தையா சார். அவரோ ஆடி மாதத்தில் புது மெஷின் எதற்கும் அப்ரூவல் தர மாட்டார். இத்தனை நாள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இன்றைக்கு அதனாலேயே அவள் உழைப்பு முழுதும் போகப்போகிறது.

சாரிடம் ஓடினோம். அவரும் பதறித்தான் போனார்.

"ஆவணி பொறந்ததும் மொத நாளே போட்டுத் தாரேன்னுதானம்மா இருந்தேன்!"

வெள்ளிக்கிழமை

ஆடியைக்கூட அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் மணி பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு வரை. சாஃப்ட்வேரின் ஆயுளும் அதுவரைதான். அப்ரூவல் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்டர் பட்டனுக்கு மேலே விரலை நிறுத்தியபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பொண்ணோட முதல் மெஷின், விளங்காமப் போயிட்டா என்று முணுமுணுத்தார். இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஒங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதுல்ல, நீயே அமுக்கும்மா" என்றார். ஸ்டெல்லா உட்கார்ந்தாள். அவள் விரலும் அந்தரத்திலேயே நின்றது.

"எனக்கு ராகுகாலம் இல்ல சார், பயம் இருக்கு. நீங்களும் ஒரு வெரல் வைங்க."

கடலை மெஷின் பத்திரமாகக் குடிமாறிவிட்டது, ஆனால் அப்ரூவல் ஆன நேரம் பதிவாகியிருக்கும் மூலையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் சார் இன்றும் அந்த டிராயிங்கைப் பார்க்கிறார்.