வலைக்கயிற்று முடிச்சும் சூச்சோ தோட்டமும்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? டூர் சமையலுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். புளிக்காய்ச்சலை எப்படிப் பேக் பண்ணுவது, குக்கரை ஏர்போர்ட்டில் என்னவென்று சொல்லிக் காட்டுவது என்று கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, "பிலோமினாக்கா, சைனாவுல இன்னா பாத்தே?" என்று கேட்கிறீர்கள். சமைக்கப் போனவளிடம் கேட்கிற கேள்வியா இது? கல்யாணப் பெண் எப்படி இருந்தாள் என்று எச்சில் இலை எடுத்தவளிடம் கேட்கிற மாதிரி இருக்கிறது. சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேசுகிறவள் நாளைக்கு வெங்காயம் முழுவதையும் உரிக்க வேண்டும்.

பாத்ரூம்தான் கிச்சன்

ராயபுரத்தில் ஒரு மெஸ்ஸில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் கல்யாணச் சமையல். அதற்கும் அப்புறம்தான் செல்வம் அண்ணாச்சியிடம் டூர் சமையலுக்குப் போனேன். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர்களைக் குடும்பத்தோடு வெளிநாடு கூட்டிப்போய்க் காட்டுவது அவர் தொழில். அந்த ஜனங்கள் எந்த தேசத்துக்குப் போனாலும் மத்தியானம் சோறு வேண்டும் என்பார்கள். அதற்குத்தான் நான்.

ஓட்டலில் என் ரூம் பாத்ரூம்தான் கிச்சன். வாஷ்பேசின் மேல் ஒரு பலகை, பலகை மேல் ரைஸ் குக்கர், பக்கெட்டில் கழுவின அரிசி. காலையில் எல்லோரும் டிபன் சாப்பிட்டு பஸ் ஏறிப் போனதும் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவேன். அது முடிந்தால் ராத்திரிக்கு. சிங்கப்பூர், மலேசியா, பாங்காக் எல்லாம் போயிருக்கிறேன். எல்லா ஊரிலும் நான் பார்த்தது பாத்ரூம் டைல்ஸ்தான். சிங்கப்பூரில் வெள்ளை. பாங்காக்கில் சந்தனக் கலர்.

ஆனால் திரும்பி வந்தால் தெருவே வாசலில் நிற்கும். எதிர்வீட்டு மேரிதான் முதல் ஆள். ஏர்போர்ட் போகும் பஸ்ஸில் மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கி வைத்திருப்பேன், அதில் கொஞ்சம் மசாலா சேர்த்து எடுத்துவிடுவேன். "சிங்கப்பூர்ல கல்லு சிங்கம் ஒண்ணு வாயால தண்ணி ஊத்திகினே கீது மேரி. நான் கிட்ட போயி மூஞ்சி கழுவிகினேன்" என்பேன். நம்புவார்கள். ஆனால் சொல்லி முடித்து உள்ளே வந்து படுத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

சைனா டூர் என்றதும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இந்தத் தபா ஒரு எடமாவது நானும் பாக்கணும். வயசாயிகினே போவுது. இதுக்கு மேல எவன் என்னைக் கூட்டினு போவப் போறான்?"

"நீ ஊரு சுத்துனா சமையல யாரு பாப்பா? ஒங்க அப்பனா?"

"எங்கப்பன் கல்லறைல கீறாரு. வேணும்னா நீங்களே போயி எழுப்பிப் பாருங்க."

சிரித்துவிட்டார். "சரி. சூச்சோன்னு ஒரு ஊரு. பழைய தோட்டமும் ஏரியும் இருக்கு. அங்கன மட்டும் நீயும் வா. ஆனா ஒரு மணிக்குச் சோறு வந்திரணும். வரலன்னா இதுதான் ஒனக்குக் கடைசி டூரு, பாத்துக்க."

அதட்டலுக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தின டூரில் சாப்பாடு தாமதமாகி, ஒரு சமையல்காரரை ஏர்போர்ட்டிலேயே கணக்கு முடித்து அனுப்பினவர் அவர்.

தூக்கு உள்ளே போகவில்லை

சூச்சோ பட்டுக்குப் பேர்போன ஊர். நம் துணிக்கடைக்காரர்கள் போனது அதற்காகத்தான். அந்தக் காலத்துப் பெரிய அதிகாரிகள் வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட தோட்டங்களும் அங்கே இருக்கின்றன. நான் விடியும் முன்பே எழுந்து ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிசோறு கிளறிவிட்டேன். அதற்கு அடுப்படியில் காத்திருக்க வேண்டாம், கையோடு கொண்டுபோகலாம் என்பது என் கணக்கு.

தூக்கின் மூடியை வலைக்கயிற்றால் கட்டினேன். இது என் வழக்கம். நான் பிறந்தது நெட்டுக்குப்பத்தில், வலைக்காரர் வீட்டில். அப்பா போடும் முடிச்சு அது. பஸ் எப்படிக் குலுங்கினாலும் மூடி கழலாது. பசி வந்தவர்கள் நேரத்துக்கு முன்னால் திறந்து கையை விடவும் முடியாது. உள்ளே மடித்துச் செருகின நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். வேறு எங்கே இழுத்தாலும் இன்னும் இறுகும்.

தோட்டத்து வாசலில் காவல்காரர் தூக்கைப் பார்த்துக் கையை ஆட்டினார். சாப்பாட்டுப் பாத்திரம் உள்ளே வரக்கூடாது என்று கைடு சொன்னார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"நீ வெளிய இரி பிலோமினா. தோட்டம் எங்க போயிரப் போவுது?"

"தோட்டம் போவாது அண்ணாச்சி. நான்தான் போயிருவேன்" என்றேன்.

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் தூக்கை மடியில் அணைத்துக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அழுகை வந்தது. அதுவும் வெள்ளைச் சுவர். டைல்ஸ் மாதிரியே.

அப்போது அன்னத்தாயம்மாள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். வண்ணாரப்பேட்டையில் பெரிய மொத்தக்கடையின் முதலாளியம்மா.

"ஏளா, படியெல்லாம் எனக்கு ஆவாது. முட்டு வலிக்கி. நான் சட்டியப் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா."

"ஒரு மணிக்குள்ள வந்துருவேம்மா."

"வராட்டா நானே போட்டுக் குடுத்திருவேன். சோறு போடத் தெரியாமலா மூணு மருமவள வச்சு மேய்க்கேன்? போளா!"

அண்ணாச்சி முன்பே கொடுத்திருந்த டிக்கெட்டோடு ஓடினேன். அந்தச் சந்தோஷத்தில் முடிச்சு நினைவிலேயே இல்லை.

உள்ளே

சின்ன இடம்தான். ஆனால் சுற்றினால் முடியவே முடியாது. வட்டமாக ஒரு வாசல், முழு நிலா மாதிரி. அதற்குள் போனால் மூங்கில். மூங்கிலைச் சுற்றினால் ஒரு குளம். இன்னொரு பக்கம் போனால் இன்னொரு குளம் என்று நினைப்பீர்கள். அதே குளம்தான், வேறு ஜன்னலிலிருந்து பார்க்கிறோம். நூறு பேருக்குப் போட்ட சோற்றில் இருநூறு பேருக்குப் பந்தி நடத்தி, கடைசி ஆளுக்கும் குறை தெரியாமல் எழுப்பி அனுப்புவான் பாருங்கள், அப்படி ஒரு கெட்டிக்காரன் கட்டின தோட்டம்.

குளத்துத் தண்ணீர் பச்சை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் கழிமுகத்தில் மரத்து நிழல் விழுகிற இடத்தில் இந்தப் பச்சை இருக்கும். அதை நான் மறந்துபோயிருந்தேன். மறந்துபோனதே அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. மணலி ஆலைப் புகைக் காற்றிலேயே வளர்ந்த மூக்கு, அன்றைக்கு ஒரு நாற்றமும் இல்லாமல் திண்டாடிப் போயிற்று.

குளத்தில் ஒரு சின்னப் படகு. அதில் என் வயதில் ஒரு பெண்பிள்ளை, நீளக் கம்பில் வலை கட்டி, விழுந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். வலை ஒரு பக்கம் அதன் கம்பி வளையத்தை விட்டுக் கழன்று தொங்கியது. அள்ளின இலையில் பாதி திரும்பத் தண்ணீரிலேயே விழுந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"இத்தக் குடு இப்டி. இன்னாத்தக் கட்டி வச்சிகீற?" என்றேன்.

அவள் சைனா பாஷையில் என்னவோ சொன்னாள். திட்டியிருக்கலாம். ஆனாலும் கம்பை நீட்டினாள். கரையில் உட்கார்ந்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அவள் இழுத்துப் பார்த்தாள், சிரித்தாள், பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை, இலை ஊறின சுடுதண்ணீர். குடித்தேன். அவள் என் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். நான் அவள் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். நாலு தெரு தள்ளி இருக்கிற தோஸ்து மாதிரி ஆகிவிட்டாள்.

அவள் கையிலிருந்த வாட்சை நான் பார்த்ததும்தான் எனக்கு உயிரே போயிற்று. ஒரு மணி தாண்டிவிட்டது. எழுந்து ஓடினால் அதே குளம். இன்னொரு வாசலில் ஓடினால் மறுபடியும் அதே குளம், அதே பெண்பிள்ளை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் படகை ஓரம் கட்டிவிட்டு, என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

இழுக்க இழுக்க இறுகியது

வெளியே தூக்கைச் சுற்றி வண்ணாரப்பேட்டையே உட்கார்ந்திருந்தது. ஒருவர் சாவியால் கயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பல்லால் கடித்துவிட்டுப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு இழுத்ததில் முடிச்சு கல்லாகியிருந்தது. மூடி இடுக்கில் பெருங்காய வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி முகம் சிவந்திருந்தது. "வா தாயி. தோட்டம் பாத்தாச்சா? நல்லாப் பாத்துக்கிட்டியா? இனிமே வீட்ல உக்காந்து பாரு."

நான் குனிந்து நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். கயிறு மொத்தமும் கழன்று கையில் வந்தது. அன்னத்தாயம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஏ செல்வம், அவள ஏன் வையுத? ஒரு மணிக்குச் சோறு வரணும்னுதான சொன்ன? சோறு பன்னெண்டுக்கே வந்து இங்கன இருக்கு. தொறக்கத் தெரியாதது அவ குத்தமா? ஏளா, அந்த முடிச்ச எனக்குச் சொல்லிக் குடு. நாளைக்கும் சட்டி எங்கிட்டதான்."

பல்லைத் தடவிக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். அண்ணாச்சி தட்டை நீட்டினார். அவர் மூன்று தடவை வாங்கினதும் என் வேலை எங்கேயும் போகாது என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் ஏரி. அன்னத்தாயம்மாள் கரையில் உட்கார்ந்து, வருகிற போகிற சைனாக்காரர்களுக்கெல்லாம் முடிச்சைப் போட்டு அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் படகில் போனேன். அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் கையில் கரண்டி இல்லாமல் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நாளாவது கரண்டியை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஊரைப் பாருங்கள். போகும்போது கயிற்றின் நுனி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊருக்கு வந்ததும் வழக்கம்போலத் தெரு கூடியது. மேரி முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, சைனா எப்டி கீது?"

எடுத்துவிட வாயைத் திறந்தேன். அந்தப் பச்சைத் தண்ணீர் கண்ணில் வந்து நின்றது. மசாலா சேர்க்கவும் மனசு வரவில்லை, சேர்க்காமல் கொடுக்கவும் மனசு வரவில்லை.

"இன்னா கீது? பாத்ரூம்லயே வேலை சரியாப்பூட்ச்சி. டைல்ஸ் மட்டும் நீலக் கலரு" என்றேன்.

"அட போக்கா, இம்மாந்தூரம் போயி இதான் பாத்தியா? அந்த சிங்கப்பூர் கதைய இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அன்றைக்குச் சிங்கம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் தண்ணீர் ஊற்றியது.